பனி விலகிய ஆறும் காடு விலகிய ஓயாவும்

(ஹட்டனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு புவியியல் ஆசிரியரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் உருவானது இந்த அறக்கட்டளை. தம்மை மேடையில் பெயர் சொல்லிப் புகழ்வதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. அந்த விருப்பத்தை மதித்து நேரே பாடத்துக்குப் போகிறேன்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் உயர்தர வகுப்புக்குப் பனியாறுகள் பற்றி ஒரு பாடம் உண்டு. பின்வாங்கும் பனியாற்றின் முன்னால் உருகுநீர் ஓடைகள் எப்படி மாறுகின்றன என்பது அதில் ஒரு பகுதி. ஒரு ஜனவரி காலையில் அதை நடத்திக்கொண்டிருந்தேன். அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சேர், நம்ம ஊர்ல பனின்னா ஜனவரி மாசம் தேயிலைய கருக்குமே, அதுதான். வெயில் வந்தா அதுவும் போயிரும். பனியாறு நமக்கு எதுக்கு சேர்?" வகுப்பு சிரித்தது. "சோதனைக்கு வரும், படி" என்று சொல்லி உட்காரவைத்தேன்.

அது ஆசிரியர் சொல்லக்கூடிய பதில் இல்லை என்று அன்றே எனக்குத் தெரியும். சரியான பதிலைத் தேடிக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1. பனியின் வாசலில்

இமயமலையில், உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது கங்கோத்ரி பனியாறு. நீளம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அது முடியும் இடத்துக்குக் கோமுகம் என்று பெயர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீற்றர் உயரம். நம்முடைய பீதுருதாலகாலை 2,524 மீற்றர். அதன் தலைமேல் இன்னும் ஒரு 1,500 மீற்றரை ஏற்றிவைத்தால்தான் கோமுகத்தின் வாசலுக்குப் போகலாம். அந்தப் பனிச்சுவரின் அடியிலிருந்து கலங்கலாகப் பீறிட்டு வரும் தண்ணீர்தான் பாகீரதி. தேவப்பிரயாகையில் அளகநந்தாவோடு கூடிய பிறகு அதற்குப் பெயர் கங்கை.

1935ஆம் ஆண்டு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஜே.பி. ஓடன் அங்கே போய், பனியின் முனை எந்த இடத்தில் நிற்கிறது என்று வரைபடத்தில் குறித்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் குறியிலிருந்து அளந்தார்கள். வேகம் காலத்துக்குக் காலம் கூடிக் குறைந்தாலும், பல பத்தாண்டுகளாக வருடத்துக்கு 20 மீற்றர் என்ற அளவை ஒட்டி முனை பின்னால் போயிருக்கிறது. 1935ஐயும் ஓடனையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவரிடம் திரும்பி வருவோம்.

பின்வாங்குகிறது என்றால் பனி மலையேறிப் போகிறது என்று மாணவர்கள் எண்ணிவிடுவார்கள். பனி எப்போதும் கீழ்நோக்கித்தான் நகர்கிறது. மேலே விழும் பனி முனைக்கு வந்து சேர்வதைவிட முனையில் உருகுவது அதிகமானால் முனை நிற்கும் இடம் மேலே போகும். வரவு செலவுக் கணக்குத்தான். கடன் கூடிய வீட்டில் ஒவ்வொரு சாமானாகக் குறைவதுபோல, பனியும் கீழ்நுனியிலிருந்து குறைந்துகொண்டு போகிறது.

அந்த வாசலிலிருந்து வெளிவரும் ஓடைக்குச் சில குணங்கள் உண்டு. முதலாவது, அது வெயிலின் கட்டளைப்படி நடக்கும். விடியற்காலையில் மெலிந்திருக்கும், பிற்பகல் சாயும் நேரத்தில் பொங்கும். மலைவாசிகள் காலையில்தான் அதைக் கடப்பார்கள். இரண்டாவது, அது வெளுத்துக் கலங்கியிருக்கும். பனி தன் எடையால் பாறையை அரைத்த மாவு தண்ணீரில் கரையாமல் மிதந்து வரும். மூன்றாவது, அது ஒரே ஆறாக ஓடாது. ஐந்தாய், பத்தாய்ப் பிரியும், திரும்பக் கூடும், மறுபடி பிரியும். மேலிருந்து பார்த்தால் சடையை அவிழ்த்துப்போட்டதுபோல இருக்கும். இதைப் பின்னலாறு என்கிறோம்.

ஏன் பின்னுகிறது? ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஆறு சுமக்கும் மண்ணும் கல்லும், அவற்றின் பருமனும். மற்றத் தட்டில் தண்ணீரின் அளவும் நிலத்தின் சரிவும். 1955இல் லேன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஆறுகளின் நடத்தையை இப்படி ஒரு சமநிலையாக எழுதினார். சுமை கூடினால் ஆறு தாங்காமல் கல்லையும் மண்ணையும் நடுவழியில் இறக்கிவைக்கும். இறக்கிவைத்த மேடே அதன் வழியை மறிக்கும். ஆறு இரண்டு பக்கமும் பிரிந்து போகும். கரையைப் பிடித்துவைக்கப் புல்லோ வேரோ இல்லாத இடத்தில் நேற்று ஓடிய வழியில் இன்று ஓடவேண்டிய அவசியமும் அதற்கில்லை.

இனிப் பனி இன்னும் பின்னால் போகிறது என்று வைப்போம். அது முன்பு தள்ளிக் குவித்த கல்மண் மேடு அணைபோல முன்னால் நிற்கிறது. மேட்டுக்கும் பனிக்கும் இடையில் குளம் கட்டுகிறது. பனி கொண்டுவரும் கல்லும் மணலும் அந்தக் குளத்தில் அடங்கிவிடுகின்றன. பெருமளவு சுமையை இறக்கிவிட்ட தண்ணீர்தான் குளத்திலிருந்து வெளியேறும். தராசு மறுபக்கம் சாய்கிறது. சுமையற்ற தண்ணீர் தன் படுகையையே தின்னத் தொடங்கும். பின்னல்களில் ஒன்று ஆழமாகும். மற்றவை வறண்டு மேட்டில் நின்றுவிடும். காலம் போகப் புல்லும் புதரும் வந்து கரையைக் கட்டும். ஒரு தலைமுறைக்கு முன் பள்ளத்தாக்கு முழுவதும் புரண்டுகொண்டிருந்த ஆறு, வளைந்து வளைந்து ஒற்றை வழியில் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆறு அமைதியடைந்துவிட்டது என்று தோன்றும்.

தண்ணீரின் அளவுக்கும் ஒரு கதை உண்டு. உருகுதல் கூடும்போது முதலில் ஆற்றில் தண்ணீர் கூடும். பல பத்தாண்டுகள்கூடக் கூடிக்கொண்டே போகலாம். கீழே இருப்பவர்கள் நல்ல காலம் என்று நினைப்பார்கள். ஆனால் அது வருமானம் இல்லை, முதலிலிருந்து எடுத்துச் செலவழித்தது. உச்சத்தைத் தாண்டியபின் குறையத் தொடங்கும். பழைய அளவுக்கு வந்து நிற்காது. அதற்கும் கீழே போகும்.

2. ஆறு வழி மாறிய மாதம், குளம் உடைந்த இரவு

எல்லா மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும் என்றும் இல்லை.

கனடாவின் யூக்கொன் பிரதேசத்தில் காஸ்காவுல்ஷ் என்ற பெரிய பனியாறு இருக்கிறது. அதன் உருகுநீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பங்கு ஸ்லிம்ஸ் ஆறாக வடக்கே குளுவானி ஏரிக்குப் போய், அங்கிருந்து யூக்கொன் ஆற்றோடு பேரிங் கடலைச் சேரும். மறு பங்கு தெற்கே பசிபிக் பக்கம் இறங்கும். பனி பின்வாங்கப் பின்வாங்க, முனைப் பனிக்குள்ளேயே ஒரு ஆழமான வெட்டு விழுந்தது. 2016 மே மாதம், சில நாட்களுக்குள், ஸ்லிம்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் தெற்கே திரும்பிவிட்டது. ஸ்லிம்ஸின் படுகை காய்ந்து புழுதி பறந்தது. ஏரியின் மட்டம் இறங்கியது. ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அவர்கள் கண்ணுக்கெட்டாத உயரத்தில் தண்ணீர் பிரியும் இடம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

கல்மண் மேட்டுக்குப் பின்னால் கட்டிய குளங்கள் உடைவது இதைவிடக் கொடுமை. 2013 ஜூன் மாதம் கேதார்நாத்துக்கு மேலே, கனமழையும் உருகுநீரும் சேர்ந்து சோராபாரி பனியாற்றின் ஓரக் குளம் உடைந்தது. மந்தாகினி ஆறு ஊருக்குள் வந்தது. அந்த ஊர் அமர்ந்திருப்பதே பனியாறும் அதன் ஓடைகளும் முன்பு கொண்டுவந்து போட்ட கல்மண்ணின்மேல். 2023 ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு நள்ளிரவில் சிக்கிமின் தென் லோனாக் ஏரி உடைந்தது. டீஸ்டா ஆற்றில் சுங்தாங் என்ற இடத்தில் நின்ற பெரிய நீர்மின் அணை அடித்துச் செல்லப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் நான் பார்ப்பது ஒன்றுதான். மாறியது ஓடை. காரணம் ஓடையில் இல்லை, ஓடையின் தலைமாட்டில். அங்கே தண்ணீரையும் கல்லையும் பிடித்துவைத்திருந்த ஒரு காவல் விலகியது. விலகியதும் சுமை மாறியது, வழி கலைந்தது, தண்ணீர் கூடிப் பின் குறைந்தது.

3. நம்முடைய மலையின் பனி எது?

இலங்கையில் பனியாறு இல்லை. உலகின் வடக்கே பனிப்பாளங்கள் பெருகிக் கிடந்த கடைசிப் பனியுகத்திலும் இங்கே என்ன நடந்தது என்பதற்கு ஹோர்ட்டன் சமவெளியின் கரிச்சேறு சாட்சி சொல்கிறது. அந்தச் சேற்றில் அடுக்கடுக்காகப் புதைந்த மகரந்தத்தை ஆய்வாளர்கள் 24,000 வருடங்கள்வரை எண்ணிப் படித்திருக்கிறார்கள். அக்காலத்தில் தென்மேற்குப் பருவமழை நலிந்து, சமவெளி வறண்டு கிடந்திருக்கிறது. எங்கோ பனி பெருத்தபோது இங்கே மழை மெலிந்தது.

பனி இல்லாவிட்டால் நம் ஆறுகளின் தலைமாட்டில் தண்ணீரைப் பிடித்துவைத்தது எது? மேகக்காடும் அதன் மண்ணும். ஹோர்ட்டன் சமவெளியையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ரா ஓயா அங்கே பிறந்து கொத்மலை ஓயாவாகி மகாவலியைச் சேர்கிறது. பெலிஹுல் ஓயா தெற்கே வளவை கங்கைக்கு இறங்குகிறது. மேற்குப் பக்கத்து நீர் களனிக்குப் போகிறது. குட்டையாகவும் முறுகலாகவும் வளர்ந்த மரங்கள், அவற்றின் உடம்பெல்லாம் பாசி, தரையில் மட்கு. மூடுபனி இலையில் படிந்து சொட்டும். மழை விழுந்தால் மண் குடிக்கும். குடித்ததை மாதக்கணக்கில் கசியவிடும்.

ஒரு பொய்யை இங்கே கழற்றி வைத்துவிட வேண்டும். காடு தண்ணீரை உண்டாக்குவதில்லை. மரமும் தண்ணீர் குடிக்கும். விரைந்து வளரும் யூகலிப்டஸ் கூடுதலாகவே குடிக்கும். காடு உண்டாக்குவது தண்ணீர் தங்கும் மண்ணை. வேர் துளைத்த, புழு உழுத, மட்கு கலந்த மண்ணே நம் மலையின் பனிக்கட்டி. அது மேலே இருக்கும்வரை மழை நாளின் தண்ணீர் வெயில் நாளுக்கு வரும்.

அந்தக் காவல் விலகிய காலம் நமக்குத் தெரியும். 1830களிலிருந்து கோப்பி மலையேறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காட்டை விற்பனைப் பொருளாக்கியது. தமிழகத்திலிருந்து நடந்து வந்த நம் முன்னோர் கையிலும் கோடரியைக் கொடுத்து அந்தக் காடு வெட்டப்பட்டது. 1869இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி அழிந்த நிலத்தில் தேயிலை ஏறியது.

1873இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் ஒரு எச்சரிக்கை விடுத்தார்: 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள். உயரத்தில் இன்று எஞ்சி நிற்கும் காட்டுக்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். பனியாற்றின் முனையை ஓடன் குறித்ததுபோல, காட்டின் முனை நிற்கவேண்டிய இடத்துக்கு ஹூக்கர் ஒரு கோடு போட்டார் என்று சொல்லலாம். கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் பெரும்பாலும் போய்விட்டது.

போனபோது ஓடைகளுக்கு என்ன ஆகும் என்பதைப் பனியாற்றுப் பாடமே சொல்கிறது. காடு வெட்டியதும் முதலில் ஓடையில் தண்ணீர் கூடும், குடிக்கும் மரங்கள் இல்லாததால். அதை நல்ல காலம் என்று நினைத்திருப்பார்கள். பிறகு ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து போகும். களையைச் சுத்தமாகச் சுரண்டி, தேயிலைத் தூருக்கு இடையில் மண் பளிச்சென்று தெரிவதுதான் நல்ல தோட்டம் என்று துரைமார் வெகுகாலம் நம்பினார்கள். சுரண்டிய மண்ணில் மழை நேரே குத்தியது. மலைநாட்டுத் தேயிலை நிலம் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் மேல்மண்ணை இழந்ததாக மண்ணியலார் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஓர் அடி மண் போனால் ஓர் அடி மண் பிடித்துவைத்த தண்ணீரும் போனது. மழை பெய்து அரை மணியில் ஓடை செம்மண் நிறத்தில் பொங்குவதும், மாசியில் அதே ஓடையில் கால் நனையாமல் கடப்பதும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

4. மணலுக்குள் ஒரு கடிகாரம்

இது வெறும் ஒப்புமை, மேடைக்கு அழகாக இருக்கிறது என்று யாராவது நினைக்கலாம். பனியாறுகளைப் படிக்கும் விஞ்ஞானமே நம் மலையையும் அளந்திருக்கிறது.

விண்வெளியிலிருந்து கதிர்கள் பூமியின்மேல் ஓயாமல் விழுகின்றன. அவை வெண்கல் எனப்படும் குவார்ட்ஸில் பட்டால் அதன் ஒட்சிசன் அணுக்கள் சிதறி, பெரிலியம்-10 என்ற அபூர்வ அணு மிகச் சிறு அளவில் உண்டாகும். பனிக்கு அடியில் கிடக்கும் பாறையில் அது உண்டாகாது. பனி விலகி, பாறை வானத்தைப் பார்த்த நாளிலிருந்து சேரத் தொடங்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால் பனி விலகி எத்தனை ஆயிரம் வருடம் என்று சொல்லலாம். உலகெங்கும் பனியாறுகள் விட்டுச் சென்ற கல்மேடுகளின் வயதை இப்படித்தான் கணிக்கிறார்கள்.

அதே அணுவை ஆற்று மணலிலும் எண்ணலாம். மலை மெதுவாகத் தேய்ந்தால் ஒவ்வொரு மணலும் மேற்பரப்புக்கு அருகே நெடுங்காலம் கிடந்து நிறைய பெரிலியத்தைச் சேர்த்துக்கொண்டு ஆற்றுக்கு வரும். வேகமாகத் தேய்ந்தால் குறைவாக வரும். இந்தக் கணக்கு ஆயிரக்கணக்கான வருடங்களின் சராசரியைச் சொல்வதால், மனிதன் கைவைப்பதற்கு முந்திய வேகம் அதில் பதிந்திருக்கும்.

ஹேவாவசமும் அவருடைய சக ஆய்வாளர்களும் மேல் மகாவலிப் படுகையின் சிற்றோடை மணலை எடுத்து இந்த எண்ணிக்கையைச் செய்தார்கள். முடிவு 2003இல் வெளிவந்தது. இயற்கையாக நம் மலை தேய்ந்த வேகம் ஒரு சதுர கிலோமீற்றருக்கு வருடத்துக்கு 13 முதல் 30 தொன் மண். உலகத்து மலைகளோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. இத்தனை செங்குத்தான மலை, இவ்வளவு மழை, ஆனாலும் மண் நின்றது. இனி அண்மைக் காலத்தில் ஆறுகள் சுமந்து போன மண்ணின் அளவு: 130 முதல் 2,100 தொன். பத்து மடங்கிலிருந்து நூறு மடங்குவரை.

பனியாற்றைப் படிப்பது எதற்கு என்று கேட்ட பையனுக்கு என் முதல் பதில் இது. பனி எப்போது விலகியது என்று சொல்லும் அதே கடிகாரம்தான், நம் காடு விலகியதும் மண் எவ்வளவு வேகமாகப் போனது என்றும் சொல்கிறது.

5. காசல்ரீயின் வால்

பின்னலாற்றைப் பார்க்க ஐஸ்லாந்துக்குப் போக வேண்டாம். பெப்ரவரி, மார்ச்சில் மழை பொய்த்த ஒரு வருடம் நோர்வூட் பக்கம் போய், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் வாலில் நில்லுங்கள். தண்ணீர் இறங்கி, சேறும் மணலும் திறந்து கிடக்கும். அதன்மேல் கெஹெல்கமு ஓயா ஒற்றை வழி தெரியாமல் நாலாய்ப் பிரிந்து, கூடி, மறுபடி பிரிந்து ஓடும். சுமை மிகுதி, கரை இல்லை, பிடித்துவைக்க வேர் இல்லை. என் மாணவர்களை அங்கே கூட்டிப்போய், பாடப்புத்தகத்துப் படத்தைத் திறந்து கையில் கொடுத்திருக்கிறேன். பிறகு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? நம் மலைகளிலிருந்து. பனியாற்றின் முன்னால் கட்டும் குளம் எப்படிக் கல்லையும் மணலையும் பிடித்துக்கொள்கிறதோ, அப்படி நம் நீர்த்தேக்கங்கள் தோட்டத்து மண்ணைப் பிடிக்கின்றன. மகாவலியில் 1976இல் திறந்த பொல்கொல்லை அணைக்கட்டு 12 வருடத்தில் தன் கொள்ளளவில் ஏறக்குறைய 44 விழுக்காட்டை மண்ணுக்குக் கொடுத்துவிட்டது. 1985இல் மேலே கொத்மலை அணை வந்த பிறகு மண்ணின் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. மஸ்கெலி ஓயாவில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டும்போது சனங்கள் பார்க்கப் போவார்கள். போகிறவர்கள் காலடியில் மிதிபடும் வண்டலையும் ஒருமுறை குனிந்து பார்க்கவேண்டும். அதுவும் ஒரு ஊரின் மிச்சம்தான். மேலே இருந்த மலையின் மிச்சம்.

ஸ்லிம்ஸ் ஆறு வழி மாறியதற்கும் இங்கே இணை உண்டு. அங்கே பனி செய்ததை இங்கே சுரங்கம் செய்கிறது. பொல்கொல்லையில் மகாவலித் தண்ணீரின் ஒரு பகுதி மலையைத் துளைத்து உக்குவளைப் பக்கம் போகிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் கொத்மலை ஓயா மறிக்கப்பட்டு, தண்ணீர் நிலத்தடியில் நீண்ட வழி போகிறது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் அளந்து விடுகிறார்கள். 1918லேயே பொறியியலாளர் விமலசுரேந்திர நம் அருவிகளில் மின்சாரத்தைக் கண்டார். அதில் தவறில்லை, தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயங்களுக்கும் அந்த வெளிச்சம் பிந்தியாவது வந்தது. நான் சொல்வது வேறு. ஆற்றை அணையில் மட்டும் ஆள முடியாது. அணைக்கு மேலே, தேயிலைத் தூருக்கு இடையில், மண்ணை ஆளாதவரை ஒவ்வொரு நீர்த்தேக்கமும் மெல்லத் தரையாகிக்கொண்டிருக்கும்.

6. அப்பாவின் விதி

என் தகப்பனார் கான் வெட்டு வேலை செய்தவர். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மலைச்சரிவுக்குக் குறுக்கே வெட்டி, மழைத்தண்ணீரை மெதுவாகப் பக்கத்து ஓடைக்கு அனுப்பும் வாய்க்கால்தான் கான். காலையில் பெரட்டில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும்போது இத்தனை அடி என்று அளவு சொல்வார்கள். முடித்தால் முழுப் பேர். முடிக்காவிட்டால் அரைப் பேர். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் எனக்கு ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்.

"கானுக்குச் சரிவு கூடுனா மண்ணு போயிரும், சரிவு கொறைஞ்சா மலையே போயிரும்."

பல வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் லேனின் சமநிலையைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. சரிவு கூடினால் தண்ணீர் வேகம் எடுத்துக் கானையே அறுத்து மண்ணைக் கொண்டுபோகும். சரிவு குறைந்தால் வண்டல் படிந்து கான் அடைபடும். தேங்கிய தண்ணீர் மலைக்குள் இறங்கி, ஒருநாள் சரிவையே இளக்கி இறக்கிவிடும். இரண்டாவது சொன்னதன் பயங்கரத்தை நாம் கண்ணால் பார்த்தவர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலையகம் எங்கும் சரிவுகள் இறங்கின. எல்லாச் சரிவுக்கும் கானே காரணம் என்று நான் சொல்லவில்லை. மழை பெரிது, பாறை, மண், நிலத்தின் சாய்வு எல்லாம் பங்கு வகிக்கும். ஆனால் லயம் எங்கே கட்டப்பட்டது என்று பாருங்கள். தேயிலை நடத் தோதான நிலத்தை விட்டுவிட்டு, பள்ளத்தில், ஓடைக்கு அருகில், சரிவின் அடிவாரத்தில். கேதார்நாத் பழைய கல்மண்ணின்மேல் அமர்ந்ததுபோல நம்மவர் பலர் பழைய சரிவுமண்ணின்மேல் உட்காரவைக்கப்பட்டார்கள். இடத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

பனிக்கும் காட்டுக்கும் உள்ள ஒப்புமை இந்த இடத்தில் முறிகிறது. முறியவும் வேண்டும். கோமுகத்தில் நிற்கும் ஒரு மனிதரால் பனியைப் பிடித்து நிறுத்த முடியாது. அதன் வெப்பக் கணக்கு உலகம் முழுவதும் எழுதப்படுகிறது. நம் மலையின் காவலோ மண்ணில் இருக்கிறது. அதைக் கையால் மீட்கலாம். வழியும் தெரியாததில்லை. தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது. தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் புல் வளர்த்து மண்ணைத் தேற்றுவது, கவ்வாத்துக் கழிவை எரிக்காமல் தூருக்கடியில் போடுவது, கானுக்குள் இடையிடையே தடுப்பு வைத்து வண்டலைப் பிடிப்பது, பிடித்ததை அள்ளித் திரும்ப மலைக்கே போடுவது, ஊற்றுக்கண்ணைச் சுற்றியும் ஓடைக்கரையிலும் ஒரு பட்டையைக் காட்டுக்கே விட்டுவிடுவது. இதில் எதுவும் புதிதில்லை. கான் வெட்டுக்கு ஆள் போடுவது செலவு என்று குறைக்கப்பட்டதுதான் புதிது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். இந்த மலையின் ஓடைகளை இருநூறு வருடமாகக் கையால் பராமரித்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கரையில் ஒரு துண்டு நிலம் சொந்தமில்லை. தன் நிலத்தின் கானை மனிதன் மழைக்கு முன்பே அள்ளுவான். அடுத்தவர் நிலத்தின் கானைச் சம்பளம் போட்டால்தான் அள்ளுவான். மண் காப்பையும் காணி உரிமையையும் வேறுவேறு மேடைகளில் பேசுகிறோம். ஓடைக்கு அவை இரண்டும் ஒன்றுதான்.

7. ஒரு வாளித் தண்ணீர்

ஓயா என்றால் சிங்களத்தில் ஆறு. தமிழ்க் காதுக்கு அது ஓயாதது என்று கேட்கும். சிறுவயதில் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்: ஓயாமல் ஓடுவதால் ஓயா. எங்கள் லயத்துக்கு ஊற்றுநீர் கொண்டுவரும் பீலியும் ஓயாமல்தான் விழுந்தது. முன்பு மூங்கில், பிறகு இரும்புக் குழாய். விடியற்காலை கொழுந்துக்குப் போகும் முன் பெண்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். இப்போது மாசி பங்குனியில் அது நூலாக இறங்குகிறது. "அந்தக் காலத்துல இப்பிடி இல்ல" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் கையை விரித்து, பிறகு சுருக்கிக் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒரு காரியாலயத்தில் கொண்டுபோய்க் கொடுக்க அந்தக் கை போதாது.

கங்கோத்ரி எவ்வளவு பின்வாங்கியது என்று உலகம் மீற்றர் கணக்கில் பேசுவது எப்படி? 1935இல் ஒருவர் போய் ஒரு குறி வைத்தார். நம்முடைய பீலிகளில் ஒருவரும் குறி வைக்கவில்லை.

ஆகவே இந்த அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் சொற்பொழிவாளருக்குப் பொன்னாடை வேண்டாம். அந்தப் பணத்தில் பயிற்சிக் கொப்பிகள் வாங்கி, பாடசாலைக்கு ஒன்றாகக் கொடுங்கள். மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பீலிக்கு ஒரு பத்து லீற்றர் வாளியை எடுத்துப் போங்கள். நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். மாதத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வாளியில் எடுங்கள். முந்திய நாள் மழை பெய்ததா என்று பக்கத்தில் எழுதுங்கள். பீலிக்கு மேலே காடு நிற்கிறதா, யூகலிப்டஸ் நிற்கிறதா, தேயிலையா, மரக்கறித் தோட்டமா என்பதையும் எழுதுங்கள். நீங்கள் பாடசாலையை விட்டுப் போகும்போது அந்தக் கொப்பியை அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்று எழுந்து கேட்ட பையனுக்கு இன்று தலை நரைத்திருக்கும். தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. பனியாற்றைப் படிக்கச் சொன்னது, தலைமாட்டில் காவல் விலகினால் ஓடை என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள. நம்முடையது இன்னும் முழுவதும் விலகவில்லை.

மாணவர்களே, கொப்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று வீட்டுக்குப் போகும் வழியில் பீலியில் கை கழுவத்தானே போகிறீர்கள்? வாளியை வையுங்கள். முதல் வரியில் இன்றைய திகதியைப் போடுங்கள்.